போரில் மாண்டவருக்குச் சாமியாடி முன் படையல்: சிங்கப்பூரில் செய்யும் முறை

சண்டையில் செத்தவனுக்குக் கல் நட்டுக் கும்பிடுவது நம் ஆட்களுக்குப் புதிது இல்லை. கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, எடுத்து வந்து, நீராட்டி, நட்டு, படையல் இட்டு, வாழ்த்துவது வரை ஆறு துறைகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு இறந்த மதுரை வீரன் இன்று காவல் தெய்வம். ஆகவே சிங்கப்பூரில் ஒரு குடும்பம், 1942ல் ஜப்பானியர் படையெடுப்பில் காணாமற்போன தாத்தாவுக்கோ கொள்ளுத்தாத்தாவுக்கோ சாமியாடி முன்னிலையில் படையல் போட நினைத்தால் அதில் விசித்திரம் எதுவும் இல்லை. எப்படிச் செய்வது என்பதில்தான் தடுமாற்றம் வருகிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதி. ஆடுகிறவர் மேல் வரவேண்டியது குலதெய்வமோ காவல் தெய்வமோதான். இறந்துபோன சிப்பாய் அல்ல. முனீஸ்வரன் வந்து "உன் ஆளுக்குத் தண்ணி காட்டியாச்சு, தாயி" என்று சொன்னால் குடும்பம் தேறும். அதே வாயில் சிப்பாயே வந்து "எனக்கு வலிக்குது, என்னை இங்கேயே விட்டுட்டீங்களே" என்று அழுதால், எண்பது வருஷத்துக் காயம் அன்று ராத்திரி புதிதாகக் கிழியும். கீழே சொல்லும் ஏற்பாடுகளில் பாதி, அது நடக்காமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான்.

பெயர் சரியாக இருக்கவேண்டும்

மூன்று வாரத்துக்கு முன்பே இதைத் தொடங்குங்கள். பூவும் பழமும் முதல் நாள் வாங்கிக்கொள்ளலாம். பெயரை அப்படி வாங்க முடியாது.

இறந்தவர் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் பாருங்கள். சிங்கப்பூரின் கிராஞ்சி போர்க்கல்லறையில் 4,400க்கு மேற்பட்டவர்களுக்குக் கல்லறையோ நினைவுக்குறிப்போ உண்டு. கல்லறையே தெரியாத 24,000க்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் மேட்டின் உச்சியில், விமான இறக்கைபோல் கூரை போட்ட நினைவுச்சின்னத்தின் தூண்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. இந்து முறைப்படி எரியூட்டப்பட்ட இந்திய வீரர்களுக்குத் தனியாகத் தகன நினைவுச்சின்னம் ஒன்றும் அதே வளாகத்தில் இருக்கிறது. பலர் தூண்களைப் பார்த்துவிட்டு "பேர் இல்லை" என்று திரும்பிவிடுகிறார்கள். தகன நினைவுச்சின்னத்தையும் பார்த்த பிறகே இல்லை என்று சொல்லுங்கள்.

தேடலில் சிக்கல் எழுத்தில் வரும். முத்துசாமி என்ற பெயரை அன்றைய குமாஸ்தா ஆங்கிலத்தில் ஒற்றை 'டி'யில் எழுதியிருப்பார், இரட்டை 'டி'யில் எழுதியிருப்பார், 'சாமி'யை 'ஸ்வாமி' ஆக்கியிருப்பார். முழுப் பெயரைத் தட்டாமல் முதல் மூன்று ஆங்கில எழுத்தோடு நிறுத்திப் பாருங்கள். அப்படியும் அகப்படாவிட்டால் கூடுதல் தகவல் என்ற கட்டத்தில் ஊரைப் போடுங்கள். இந்திய வீரர்கள் பலருக்குத் தகப்பன் பெயர், கிராமம், தாலுகா, ஜில்லா எல்லாம் அங்கேதான் பதிவாகியிருக்கிறது. ஜில்லாவைப் பழைய பெயரில் தேடவேண்டும்: திருச்சினாப்பள்ளி, மதுரா, வட ஆற்காடு, தஞ்சாவூருக்கு டாஞ்சூர். இன்றைய மாவட்டப் பெயரைப் போட்டால் ஒன்றும் வராது.

கிடைத்ததும் ஆறு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பெயர், தகப்பன் பெயர், ஊர், படை எண், பிரிவு, இறந்த நாள். தூண் எண்ணும் இருந்தால் நல்லது. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். தகப்பன் பெயரும் ஊரும் பொருந்தாவிட்டால் அவர் உங்கள் ஆள் இல்லை, ஆசைக்காகப் பொருத்திவிடக்கூடாது. வீட்டில் மூத்தவரிடம் விவரத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டி "இவர்தானா பெரியம்மா?" என்று கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள்.

இந்திய தேசிய ராணுவத்தில் (ஐஎன்ஏ) சேர்ந்து இறந்தவர்களை அந்தப் பட்டியலில் தேடிப் பயனில்லை. ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தொழிலாளர்களும் அதில் இல்லை. அவர்களுக்குக் குடும்ப நினைவு, பழைய கடிதம், ஊரில் இருக்கும் பங்காளிகளின் வாய்மொழி இவைதான் ஆதாரம். பெயரே தெரியாவிட்டால் "இன்ன ஊர் இன்னாரின் மூத்த மகன்" என்று உறவு சொல்லி அழைப்பது போதும். சாமியாடியைக் கேட்டுப் பெயர் வாங்காதீர்கள். அருளில் வந்த பெயரைக் குடும்பம் பிறகு ஒருநாளும் உதற முடியாது.

இன்னொன்றும் விசாரிக்க வேண்டும்: அவருக்குக் கருமாதி நடந்ததா? காணாமற்போனவர் வருவார் என்று காத்திருந்தே பல வீடுகளில் அதைச் செய்யவில்லை. செய்யாதிருந்தால் உங்கள் வழக்கப்படி ஐயரையோ பண்டாரத்தையோ வைத்து அதை முதலில் முடியுங்கள். சாமியாடி முன் படையல் அதற்குப் பின்னால் வருவது. வரிசை மாறினால், வாக்குக் கேட்கும் நேரத்தில் வீட்டுப் பெரியவர்களுக்குள் அந்தப் பழைய வழக்கு கிளம்பிவிடும்.

நாள், இடம்

இறந்த திதி தெரிந்தால் அதுவே. பதிவில் இருப்பது ஆங்கிலத் தேதி; அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் திதியாக்க வேண்டும். சிங்கப்பூர் வீழ்ந்த 1942 பிப்ரவரி 15 சீனப் புத்தாண்டு நாள், அதாவது அமாவாசை. அந்தத் தேதி போட்டவர்களுக்கு மாசி அமாவாசை பொருந்தும். சிலருக்கு ஒரே நாளாக இல்லாமல் இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்ட காலம் என்று இருக்கும். அவர்களுக்கும் நாளே தெரியாதவர்களுக்கும் புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசை. ஆயுதத்தால் இறந்தவர்களுக்கு அதற்கு முந்தின சதுர்த்தசியை ஒதுக்கும் வழக்கமும் உண்டு. போரில் மாண்டவர் என்றால் அதைத்தான் நாங்கள் முதலில் சொல்வோம்.

கிராஞ்சிக்கு அதே நாளிலோ முந்தின ஞாயிறோ போய் வாருங்கள். கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான், ஆனால் நிழல் குறைவு, உள்ளே ஏற்றமும் படியும் உண்டு. முட்டி வலிக்காரர்களை டாக்சியில் கூட்டிப் போங்கள். அங்கே பூ வைக்கலாம், பெயரைத் தொடலாம், மெதுவாகச் சொல்லலாம். கற்பூரம், விளக்கு, உடுக்கை, ஆட்டம் எதுவும் வேண்டாம். வெட்டெழுத்து தெரிவதற்காக மஞ்சளோ குங்குமமோ திருநீறோ தடவுவது பெரிய தப்பு: கல் சாயத்தை உறிஞ்சிவிடும், அடுத்த பெயர் வேறொரு வீட்டுப் பிள்ளையுடையது. விரலால் துளி தண்ணீர் தொட்டுத் தடவினாலே எழுத்து எடுப்பாகத் தெரியும். இந்திய தேசிய ராணுவத்தாருக்கு எஸ்பிளனேட் பூங்காவில் நினைவிடம் உண்டு. 1945 ஜூலை 8ல் சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தை அதே வருஷம் திரும்பி வந்த பிரிட்டிஷ் படை இடித்துவிட்டது. 1995ல் அந்த இடத்தை அடையாளப்படுத்தினார்கள். ஒரே வீட்டில் அண்ணன் இந்தியப் படையிலும் தம்பி ஐஎன்ஏவிலும் இறந்திருப்பதுண்டு. இரண்டு பேருக்கும் சேர்த்தே படையல் போடலாம். யார் பக்கம் நியாயம் என்று சாமியிடம் கேட்க வேண்டாம்.

படையலுக்கு உகந்த இடம் கோயில், இல்லையென்றால் வாடகை மண்டபம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீட்டில் செய்வதானால் உடுக்கையைத் தவிர வேறு மேளம் வேண்டாம், ராத்திரி 9 மணிக்குள் சாமியை மலையேற்றிவிடுங்கள். ஊரில் நடுச்சாமத்தில் ஆடுவார்கள்தான். இங்கே நடுச்சாமத்தில் போலீஸ் வரும். புதிய வீடுகளின் கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கும். சாம்பிராணிக்கு மூன்று துண்டுக் கரி, இரண்டு தேக்கரண்டித் தூள், திறந்த சன்னல் போதும். புளோக் கீழ்த்தளத்தில் செய்ய நகர மன்ற அனுமதி வேண்டும். அங்கே சுருட்டுப் பற்றவைக்கவும் முடியாது, புகைத்தடை உண்டு.

சாமியாடியும் கூட நிற்பவர்களும்

மூன்று பேர் குறையாமல் வேண்டும்: சாமியாடி, உடுக்கைக்காரர், தாங்கிப் பிடிக்க ஒருவர். நான்காவதாக, இழப்புள்ள குடும்பத்தின் பக்கத்திலேயே உட்கார ஒரு நிதானமான அத்தையோ மாமாவோ இருந்தால் நல்லது. ஆட்டத்தில் எல்லார் கண்ணும் சாமியாடி மேல்தான் இருக்கும். குலுங்கி அழும் கிழவியை யாரும் பார்ப்பதில்லை.

சாமியாடி மூன்று நாள் விரதம் இருந்து காப்புக் கட்டுவது வழக்கம். சர்க்கரை நோய்க்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர் பட்டினி கிடக்கக்கூடாது. பாலும் பழமும் சாப்பிட்டால் விரதம் கெடாது. நாக்கில் கற்பூரம் ஏற்றி விழுங்குவதை அனுமதிக்காதீர்கள். இன்று விற்கும் கட்டிக் கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பை உண்டாக்கும். அரிவாள் கோயிலில் இருப்பது கோயிலிலேயே இருக்கட்டும். பையில் வைத்துப் பேருந்தில் கொண்டுவந்தால் அது ஆயுதம் வைத்திருந்த குற்றம். வேப்பிலைக் கொத்தும் பிரம்பும் போதும்.

உடுக்கையைக் கைப்பேசியில் ஓடவிடுவது வசதியாகத் தோன்றும், ஆனால் உதவாது. அருள் ஏறும்வரை அடி விரைந்து வரவேண்டும், ஏறி நின்றதும் தணிய வேண்டும். பதிவு தணியாது. அடி தணியாவிட்டால் ஆடுகிறவர் ஆடிக்கொண்டே இருப்பார், பேச்சு வராது, மூச்சுதான் வாங்கும்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். "செத்தவங்களை வரவழைப்பீங்களா?" என்றதற்கு "வரவழைப்பேன்" என்றால் வேறு ஆள் பாருங்கள். "ஆத்மா அலையுது, பரிகாரத்துக்கு இத்தனை ஆயிரம் வெள்ளி" என்றால் அங்கேயே எழுந்துவிடுங்கள். தட்சிணை என்பது வெற்றிலைத் தட்டில் 51, 101 என்று மனம்போல் வைப்பது.

படையல்

பதினைந்து பேருக்குக் கணக்கு: புளியோதரைக்கு அரிசி ஒன்றரைக் கிலோ, புளி 150 கிராம். சர்க்கரைப் பொங்கலுக்குப் பச்சரிசி அரைக் கிலோ, பாசிப்பருப்பு 150 கிராம், வெல்லம் முக்கால் கிலோ, நெய் 100 கிராம். உளுந்து வடை, பொரி கடலை, அவல், வாழைப்பழம் ஒரு சீப்பு, தேங்காய் மூன்று, வெற்றிலை 21, எலுமிச்சை ஒன்பது, திருநீறு 200 கிராம், எள் ஒரு கைப்பிடி. புளியோதரைக்கு அர்த்தம் உண்டு: அது வழிப்பயணத்துக் கட்டுச்சோறு. இறந்தவர் சுருட்டுப் பிரியர் என்றால் பற்றவைக்காமல் ஒன்று இலையில் வையுங்கள். சாராயம் வைப்பது வீட்டு வழக்கம் என்றால் சின்னக் கிண்ணத்தில் ஒரு மடக்கு. சாமியாடி குடிக்கக் கொடுக்க வேண்டாம். ஆடு, கோழி அறுப்பதற்குப் பதில் பூசணிக்காய் உடைத்து நடுவில் குங்குமம் தடவுங்கள்.

வேப்பிலையைச் சாலையோர மரத்தில் ஒடிக்காதீர்கள், அபராதம் விழும். தேக்கா பூக்கடைகளில் சொல்லிவைத்தால் கட்டாகக் கொடுப்பார்கள்.

இலை போடுவதில் அடிக்கடி தப்பு நடக்கிறது. நுனி சாப்பிடுகிறவரின் இடக்கைப் பக்கம் வரவேண்டும். படத்தைப் பார்த்து நாம் நிற்கும்போது அவருடைய இடப்பக்கம் நமக்கு வலப்பக்கம். ஆகவே நுனி நம் வலக்கைப் பக்கம். எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கவேண்டியது சோறு இல்லை, ஒரு செம்பு நிறையத் தண்ணீர். களத்தில் விழுந்தவன் கடைசியாகத் தேடுவது அதைத்தான்.

புகைப்படம் இல்லாவிட்டால் இணையத்தில் யாரோ ஒரு சிப்பாயின் படத்தை எடுத்து வைக்கவேண்டாம். கைக்கு அடங்கிய வழவழப்பான கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, சிவப்புத் துணி சுற்றி, மனைப்பலகையில் நிறுத்துங்கள். அதுதான் நடுகல். பெயரை அட்டையில் பெரிய தமிழ் எழுத்தில் எழுதிக் கல்லின் காலடியில் சாய்த்துவையுங்கள்.

அன்று மாலை

ஆறரைக்கு விளக்கேற்றிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய். பிறகு குலதெய்வத்தை அழைப்பது. குலதெய்வம் தெரியாத குடும்பங்கள் இங்கே நிறைய. முனீஸ்வரனையோ மதுரை வீரனையோ அழைக்கலாம். வீட்டில் மூத்தவர் செம்புத் தண்ணீரை எள்ளோடு கல்லின் முன் மூன்று தரம் தட்டில் வார்த்து, ஒவ்வொரு தரமும் முழு விவரத்தைப் படிக்க வேண்டும்: "இன்ன ஊர் இன்னார் மகன், படை எண் இன்னது, இன்ன பிரிவில் இருந்தவர்." இதைக் குடும்பத்தார்தான் படிக்க வேண்டும். அருள் ஏறியவருக்கு எழுத்துத் தெரியாது, தப்பாகச் சொன்னால் திருத்தவும் முடியாது. பெயர் சொல்லி முடிந்த பிறகே உடுக்கை. இதை மாற்றி, அடி முதலில் தொடங்கினால் பெயர் சத்தத்தில் அமுங்கிவிடும். அந்தப் பெயரைச் சொல்வதுதான் வந்த வேலையே.

அருள் ஏறப் பத்து நிமிடமும் ஆகும், அரை மணியும் ஆகும். முக்கால் மணி நேரம் அடித்தும் வராவிட்டால் நிறுத்திவிட்டுத் தீபாராதனை காட்டுங்கள். வராதது குற்றம் இல்லை. வரவழைத்தே தீரவேண்டும் என்று அடித்தால் நடிப்புத்தான் வரும்.

வாக்குக்கு மூன்று கேள்வி, முன்கூட்டியே எழுதிவைத்தவை. "படையல் ஏத்துக்கிட்டியா சாமி?" "அவருக்கு வருஷா வருஷம் என்ன செய்யணும்?" "இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன சொல்றே?" இவை தாங்கும். "எப்படிச் செத்தார்?", "உடம்பு எங்கே கிடக்கு?", "யார் காட்டிக்கொடுத்தது?" இந்த மூன்றும் ஆகாது. பதிலைச் சரிபார்க்க வழியில்லை, ஆனால் கேட்டவர் ஆயுசுக்கும் அதை நம்புவார்.

சாமியாடியின் குரல் திடீரென்று இளைஞனுடையதாக மாறி "அம்மா, நான்தான்" என்று தொடங்கினால், உடுக்கைக்காரர் உடனே அடியை நிறுத்த வேண்டும். தாங்கிப் பிடிப்பவர் நெற்றியில் திருநீறு பூசி, தெய்வத்தின் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும்: "முனியாண்டி, நீ பேசு." பெரும்பாலும் அதிலேயே திரும்பிவிடும். திரும்பாவிட்டால் வாக்கை முடித்து மலையேற்றுங்கள். இந்தச் சைகையை முன்கூட்டியே மூவரும் பேசி வைத்திருந்தால்தான் நடக்கும். அந்த நேரத்தில் யோசிக்க முடியாது.

கூட்டத்தில் வேறு யாராவது ஆடத் தொடங்கினால் முடியைப் பிடிக்காதீர்கள். சுற்றியுள்ள விளக்கு, தேங்காய், கண்ணாடியை நகர்த்திவிட்டுத் தரையில் உட்காரவையுங்கள். பெயர் சொன்னால் கண் திரும்புகிறதா என்று பாருங்கள். கை கால் ஒரே சீராக வெட்டி இழுத்து, கூப்பிட்டதற்குப் பதிலே இல்லாமல், நுரை தள்ளினால் அது வலிப்பு. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கையில் இரும்பு கொடுக்கும் பழக்கத்தை மறந்து, மணி பாருங்கள். முதல் தடவையாக வந்த வலிப்பு என்றாலோ ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ 995ல் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

மலையேற்றுவது அவசரமில்லாமல் நடக்கட்டும். அடி தணிந்து நிற்க, கற்பூரம் காட்டி, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை முகத்தில் தெளித்து, உட்காரவைத்து இளநீர் கொடுங்கள். சாமியாடி அடுத்த ஒரு மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது.

கைப்பேசியில் படம் பிடிப்பதை வாசலிலேயே தடுத்துவிடுங்கள். அழுகிற முகம் மறுநாள் டிக்டாக்கில் ஓடினால் அந்தக் குடும்பம் அடுத்த வருஷம் வராது.

புதிய துக்கம்

தேசியச் சேவையிலோ படைப் பயிற்சியிலோ பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கேட்டு வந்தால், முதல் வருஷத் திதி முடியும்வரை சாமியாடி வேண்டாம் என்று சொல்லுங்கள். விளக்கேற்றிப் பெயர் சொல்லித் தண்ணீர் வார்ப்பதை மட்டும் செய்யலாம். மரண விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது "யாரோ செய்த தப்பு" என்று ஒரு வாக்கு விழுந்தால் பெற்றவர்களுக்கு இரட்டைத் தண்டனை. கேள்வி கேட்கும் இடம் அந்த விசாரணைதான். தூக்கமும் சாப்பாடும் அடியோடு நின்றுபோனவர்களிடம், "நானும் அவன்கிட்டயே போறேன்" என்பவர்களிடம் படையல் பேச்சை எடுக்காதீர்கள். தனியே விடாமல், தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிங்கப்பூர் அபயக் கரங்களின் (SOS) 1767 எண்ணைக் கூட உட்கார்ந்து அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

மாண்ட இந்திய வீரர்களில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சீக்கியர்களும் உண்டு. பொதுவாக எல்லாருக்கும் சேர்த்துப் படையல் என்று கிளம்பி அவர்கள் பெயரையும் படிப்பது மரியாதை போலத் தோன்றும். வீட்டார் இல்லாத இடத்தில் அது அத்துமீறல். கிராஞ்சியில் பூ வைக்கும்போது அவர்களுக்கும் சேர்த்து வையுங்கள், அதற்கு யாரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள்.

மறுநாள்

கல்லை முதல் வருஷம் பூசையறையில் வைத்து, அடுத்த படையலுக்கும் அதையே எடுக்கலாம். பூவையும் இலையையும் கடலில் விடாதீர்கள், குப்பை போட்ட குற்றமாகும். செய்தித்தாளில் சுற்றித் தொட்டியில் போடுங்கள். வார்த்த தண்ணீர் வீட்டுத் துளசிச் செடிக்கு. பெயர் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பின்பக்கம் தேதியும் படித்தவர் பெயரும் எழுதிவைத்தால் அடுத்த தலைமுறைக்குத் தேடும் வேலை மிச்சம். காக்கைக்குச் சோறு வைப்பதுதான் இங்கே சங்கடம்: பறவைகளுக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். அந்தப் பிடியை இலை ஓரத்தில் தனியாக ஒதுக்கிவைத்து, பூசை முடிந்ததும் வீட்டில் கடைசிப் பிள்ளைக்கு ஊட்டிவிடுங்கள்.